கொல்லைக் கொட்டகையும் கோபுரச் செங்கல்லும்

தஞ்சைத் தரணியில் ஒரு வீட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் வாசலில் நின்று பார்த்துப் பயனில்லை. கொல்லைக்குப் போக வேண்டும். வாசற்புறத்தில் சிமெண்டுப் பூச்சும் புது வண்ணமும் பளபளக்கும். கொல்லையிலோ, முருங்கைக்கும் வாழைக்கும் நடுவே, மண்வெட்டியும் தார்ப்பாயும் உரமூட்டையும் வைப்பதற்கென்று ஒரு சிறு கொட்டகை நிற்கும். அதற்காக எவரும் புதிதாக ஒன்றும் வாங்கியிருக்க மாட்டார்கள். இடித்த திண்ணையின் செங்கல் அதன் சுவர். பாட்டனார் காலத்துக் கூடத்தின் உத்திரம் அதன் முகட்டு வளை. நெல்லை வீட்டிலேயே ஆண்டு முழுமைக்கும் சேர்த்து வைக்கும் வழக்கம் குறைந்தபின் வேலையற்றுப் போன பத்தாயத்தின் பலகை அதன் கதவு. மேலே பாதி நாட்டு ஓடு, பாதி சீமை ஓடு, ஒழுகும் மூலையில் ஒரு தகரம். கட்டியவரும் பெரும்பாலும் கொத்தனார் அல்லர். அறுவடை முடிந்த ஓய்வில் வீட்டுக்காரரே மகனையோ மருமகனையோ கூட வைத்துக்கொண்டு எழுப்பியதாக இருக்கும்.

இதனைச் சிக்கனம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட இயலாது. காவிரிச் சமவெளிக்கு எல்லாம் கொடுத்த இறைவன் கல்லை மட்டும் கொடுக்கவில்லை. ஆறு கொணர்ந்து பரப்பிய வண்டல்தான் இந்த நாடு. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் களியும் மணலுமே வரும். பெரிய கோவிலைக் கட்டிய இராசராசனும் கருங்கல்லைத் தன் நாட்டு வயலுக்கு வெளியேயிருந்துதான் கொணர வேண்டியிருந்தது. எளிய குடிகளுக்கு அது எட்டாத பொருள். ஆகவே வண்டலைப் பிசைந்து, அச்சில் இட்டு, உலர்த்தி, காளவாயில் அடுக்கிச் சுட்டுச் செங்கல் ஆக்கினார்கள். சுண்ணாம்பு கடலோரத்துக் கிளிஞ்சலைச் சுட்டுக் கிடைத்தது. மரத்துக்கு ஊர்ப் பனையும் பூவரசும் இலுப்பையும் இருந்தன. வசதியுள்ளோர் கப்பலில் வந்த பர்மாத் தேக்கை வாங்கினார்கள். ஒவ்வொரு செங்கல்லுக்குப் பின்னும் விறகும் வியர்வையும் உண்டு என்று அறிந்த மக்கள் ஒரு வீடு விழுந்தால் அதனைக் குப்பை என்று காணவில்லை. அடுத்த வீட்டுக்கான சரக்கு என்றே கண்டார்கள்.

பழைய செங்கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று ஒலித்தால் உள்ளே வேகாதது, அல்லது விரிசல் கண்டது. கடலோர ஊர்களில் இன்னொரு சோதனையும் வேண்டும். உவர் ஏறிய கல்லை எத்தனை முறை கழுவினாலும் ஓராண்டில் வெள்ளை பூத்து மேற்பூச்சை உதிர்த்துவிடும். அத்தகைய கல்லைத் தரைக்கு அடியில் போடலாமேயன்றிச் சுவருக்கு ஆகாது. நூறாண்டுக்கு முற்பட்ட வீடுகளில் காணப்படும் சித்துக்கல் இன்றைய செங்கல்லைவிட மெலிந்தது, சிறியது. ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டதாகையால் கொத்துக்கரண்டியின் பின்புறத்தால் தட்டினாலே காரை உதிர்ந்து கல் முழுதாக வெளிவரும். பனஞ்சட்டத்தில் வெளிப்புறத்து வயிரம்தான் மரம். உள்ளே இருக்கும் சோற்றை நம்பக்கூடாது. முதிர்ந்த பனையின் வயிரத்தில் கரையான் எளிதில் பல் வைக்காது. ஓட்டை விரலால் சுண்டிப் பார்த்தே அடுக்க வேண்டும். நாட்டு ஓடு கைக்குக் கை வேறுபடும். ஆகையால் ஒரே வீட்டு ஓட்டை ஒரே பக்கத்தில் வேய்வதே அறிவுடைமை. சீமை ஓடு அப்படியன்று. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த செர்மானியர் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய நாள்முதல் அது அச்சில் வார்த்த பண்டம். ஓர் ஊர் ஓட்டுக்குப் பக்கத்தில் மற்றோர் ஊர் ஓடு பெரும்பாலும் பொருந்தி உட்காரும்.

இவற்றையெல்லாம் அறிந்தவர் அறியாமலே ஒன்றைச் செய்துவிடுகிறார். தம் குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஒரு கொட்டகையில் சேர்த்து வைத்துவிடுகிறார். இந்தப் பலகை யார் வீட்டுப் பத்தாயம், இந்த உத்திரம் எந்தப் புயலில் சாய்ந்தது என்று கேட்டால் வீட்டுப் பெரியவர் விடை சொல்வார். அவர் இருக்கும்வரை அது வரலாறு. அவருக்குப் பின் அது வெறும் பலகை.

கொட்டகைக்குப் பொருந்தும் இவ்வழக்கம் பெரிய கட்டடங்களுக்கும் பொருந்தியே வந்திருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விழுந்தது யாருடையது? எடுப்பவர் யாரைக் கேட்டார்? நம் கொல்லையில் எழாத இவ்வினாக்கள், எடுக்கப்படுவது ஒரு கோவிலின் கல்லாகவோ மதிலாகவோ இருக்கும்போது எழாமல் இரா.

கொள்ளிடத்தின் வடகரையில் இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்தை நாமனைவரும் அறிவோம். அக்கோவிலுக்கு அருகே மாளிகைமேடு என்றொரு இடம் உண்டு. சோழர் அரண்மனை இருந்த மண்மேடு அது. 1980-க்குப் பின் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது செங்கல் அடித்தளங்கள் வெளிப்பட்டன. ஆனால் அத்துறையினர்க்கு நெடுங்காலம் முன்பே சுற்றுவட்டாரத்து மக்கள் அங்கே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அரசும் தலைநகரும் போனபின் மேட்டுக்குள் கிடந்த செங்கல்லை எடுத்து அடுப்படியும் திண்ணையும் கட்டிக்கொண்ட அந்த உழவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பேரரசன் தன் குடிகளிடம் வாங்கிய வரியில் ஒரு சிறு பங்கு எண்ணூறு ஆண்டுகள் கழித்து அக்குடிகளின் அடுப்படிக்குத் திரும்பியது என்றுகூடச் சொல்லலாம்.

கோவிலின் கதை வேறு. 1836-இல் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகளை எழுப்பினார். முக்கொம்பில் ஒன்று மேலணை. அணைக்கரையில் மற்றொன்று கீழணை. கீழணைக்குக் கருங்கல் தேவைப்பட்டது. கல்லில்லாத நாட்டில் கல் எங்கே? கையெட்டும் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரத்தின் திருச்சுற்று மதில் நின்றது. அதனைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள்; தடுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் ஒன்று கட்டித் தருவோம் என்று அரசினர் வாக்களித்ததாகவும், அவ்வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்றும் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அச்சேறிய ஒரு குறிப்பு பதிவு செய்திருக்கிறது. அதை எழுதியவர் அரசை நேராகவே சாடுகிறார்.

இங்கே நாம் சற்றுத் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. கீழணையின் நீர் வீராணம் ஏரியை நிரப்புகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல்களை நனைக்கிறது. அந்த நீரில் விளைந்த அரிசி நம் பலருடைய கலத்திலும் விழுந்திருக்கும். கல்லைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த நீரால் பிழைத்திருக்கக்கூடும். ஆயினும் அணை நன்மை செய்தது என்பதனால் அன்று தண்டிக்கப்பட்டவர்களின் முறையீடு பொய்யாகிவிடாது. அவர்கள் அணை வேண்டாம் என்றா கூறினார்கள்? தங்கள் மதிலைக் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்றுதான் கூறினார்கள்.

இவ்வளவும் அன்னிய அரசு செய்தது என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். அடுத்த கதையில் அவ்வாறு ஒதுங்க முடியாது. அது நம் திருச்சபையின் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே, நாகூர் செல்லும் வழியில், கடலிலிருந்து பார்ப்போர்க்கு முதலில் புலப்படும்படியாக ஒரு செங்கல் கோபுரம் நெடுங்காலம் நின்றது. ஐரோப்பிய மாலுமிகள் அதனைச் சீனக் கோவில் என்று அழைத்தார்கள். கரையை அடையாளம் காண அதுவே அவர்களுக்குக் குறி. ஊர் மக்கள் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். 1846-இல் சென்னை ஆட்சிப் பணியாளரான சர் வால்ட்டர் எலியட் அதனை நேரில் கண்டார். நாற்சதுரமாக மூன்று நிலை கொண்டது; சாந்து இல்லாமலே நெருக்கமாக இழைத்து அடுக்கிய செங்கல்; உட்புறம் அடியிலிருந்து உச்சிவரை வெறுமை; ஒரு காலத்தில் தளம் இருந்ததற்கான அடையாளம். அவர் விட்டுச் சென்ற விவரம் ஏறத்தாழ இவ்வளவே.

அது என்ன கட்டடம்? கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் நாகையில் ஒரு புத்த விகாரம் எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். சைவனாகிய இராசராச சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். இச்செய்தி 21 ஏடுகள் கொண்ட செப்பேட்டில் இருக்கிறது. அச்செப்பேடு ஒல்லாந்தருடன் கடல் கடந்து போய் லெய்டன் நகரத்தின் பெயராலேயே லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றதும் ஒரு தனிக் கதை. எலியட் கண்ட கோபுரம் அந்த விகாரத்தின் எச்சம் என்று கருதுவோர் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி, இவ்வூரில் 1267-ஐக் குறிக்கும் சீன எழுத்து பொறித்த ஒரு செங்கல் கோபுரத்தைப் பற்றி எழுதியுள்ளமையால், அது சீன வணிகர் எடுத்ததே என்பாரும் உண்டு. இரண்டில் எது உண்மையாயினும் ஒன்று தெளிவு. சைவ அரசனின் மண்ணில், கடல் கடந்து வந்த பௌத்தர்களுக்கு வழிபாட்டு இடம் கிடைத்திருந்தது என்பதற்கு அக்கோபுரம் செங்கல்லால் ஆன சான்று.

இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டு, 1814-இல் மீண்டும் உயிர் பெற்றதை நம் வாசகர் அறிவர். புதிய மதுரை மிஷனுக்கு வந்த பிரெஞ்சுக் குருக்கள் 1844-இல் நாகப்பட்டினத்தில் புனித சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கினார்கள். கோபுரத்தை ஒட்டிய நிலத்தில் அவர்கள் கட்டடங்கள் எழுந்தன. 1856-இல் அங்கே நின்ற பெரிய இலுப்பை மரத்தை அகற்றியபோது அதன் அடியிலிருந்து புத்தர் திருமேனிகள் வெளிவந்தன. அன்று தொடங்கி 1934 வரை நாகையின் மண்ணிலிருந்து கிடைத்த பௌத்தப் படிமங்கள் ஏறக்குறைய 350. சென்னை அருங்காட்சியகத்தில் அவற்றுள் பலவற்றைக் காணலாம். கடல் கடந்து போனவையும் பல. 1954-இல் டி. என். இராமச்சந்திரன் அவற்றைப் பற்றி எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர்க்குக் கைவிளக்கு.

மண்ணுக்குள் இருந்த திருமேனிகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு மண்ணுக்கு மேலே நின்ற கோபுரத்துக்குக் கிடைக்கவில்லை. அது சிதைந்து கொண்டிருந்தது. 1859-இல் குருக்கள் அரசுக்கு விண்ணப்பித்தார்கள்: பாழடைந்த இதனை இடித்து, அதன் பொருள்களைக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்த இசைவு வேண்டும். அப்போது கோபுரம் தப்பியது. 1867-இல் மறுபடியும் கேட்டார்கள். சென்னை அரசு இசைந்தது. கோபுரம் இடிக்கப்பட்டது. செங்கல் கல்லூரிக்குப் போயிற்று. 1883-இல் அக்கல்லூரியும் திருச்சிராப்பள்ளிக்கு இடம் பெயர்ந்தது. எண்ணூறு ஆண்டுகளாக நின்றதாகச் சொல்லப்பட்ட ஒன்றின் செங்கல்லை வாங்கிக்கொண்ட கல்லூரி, அவ்விடத்தில் அதற்குப்பின் பதினாறு ஆண்டுகளே இருந்தது.

அக்குருக்களைக் கொள்ளையர் என்று நாம் எழுதப் போவதில்லை. தாய்நாட்டை விட்டு வந்து, காலராவுக்கும் காய்ச்சலுக்கும் உடலைக் கொடுத்து, நம் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தவர்கள் அவர்கள். பணமுடை மிகுந்த மிஷன், கல்லில்லாத நாடு, பக்கத்திலேயே ஆளற்ற செங்கல் குவியல். கொல்லைக் கொட்டகை கட்டும் நம் உழவரின் கணக்கைத்தான் அவர்களும் போட்டார்கள். சட்டப்படி இசைவும் பெற்றார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் தடுக்க ஊர் மக்கள் இருந்தனர். நாகையில் தம் கோவில் என்று உரிமை கூற ஒரு பௌத்தர்கூட அன்று இல்லை.

நம்மை உறுத்துவது அந்தக் கடைசிச் செய்திதான். கேட்பதற்கு ஆள் இல்லாதபோது ஒரு பொருள் எவருக்கும் உரியதன்று என்று ஆகிவிடுமா? குருக்கள் கட்டியது கல்லூரி. கோபுரத்தை வரைபடமாக்கி, அளவெடுத்து, ஒவ்வொரு நிலையிலும் என்ன இருந்தது என்று எழுதி வைக்க அவர்களைவிடத் தகுதியுடையோர் அன்றைய நாகையில் யார்? வீரமாமுனிவரின் சபையினர் அவர்கள்; ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்த மரபினர். இருந்தும் கோபுரத்தைப் பற்றி நாம் இன்று அறிவதற்குப் பெரிதும் துணையாவது 1878-இல் எலியட் வெளியிட்ட கட்டுரையும் அதனோடு வந்த படமும்தாம். செங்கல்லை எடுத்ததைவிட, எழுதி வைக்காமல் எடுத்ததே பெரிய இழப்பு என்று நமக்குத் தோன்றுகிறது. இக்கருத்தில் நம்மோடு உடன்படாதவரும் இருப்பர். இடித்ததே குற்றம் என்பர். அவர்களோடு வாதிட நம்மிடம் வலுவான விடை இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய குறையும் அன்று. உரோமை நகரில் கொலோசியம் என்னும் பேரரங்கு பல நூற்றாண்டுகள் கல் எடுக்கும் குழியாகவே இருந்தது. 1452-இல் ஐந்தாம் நிக்கோலாஸ் திருத்தந்தையாய் இருந்தபோது ஒரே ஓர் ஒப்பந்தக்காரர் ஒன்பது மாதங்களில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிச் சுமைக் கல்லை அங்கிருந்து அகற்றினார் என்று கணக்கு இருக்கிறது. உரோமையின் ஆலயங்களும் அரண்மனைகளும் அந்தக் கல்லால் வளர்ந்தன. மூன்று நூற்றாண்டு கழித்து, 1749-இல், பதினான்காம் பெனடிக்ட் திருத்தந்தை அவ்விடத்தை மறைசாட்சிகளின் நினைவிடமாக அறிவித்து, கல் எடுப்பதை நிறுத்தினார். கட்டடத்தின் அழகு அதுவரை அதனைக் காக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே யாரோ வாழ்ந்தார்கள், யாரோ இறந்தார்கள் என்ற நினைவு வந்தபின்தான் கடப்பாரை ஓய்ந்தது.

நாகையிலிருந்து தெற்கே இரண்டு மணி நேர நடைத் தொலைவில் வேளாங்கண்ணி. அங்கேயும் கடல் கடந்து வந்தவர்கள், அங்கேயும் ஒரு கட்டடம். ஆனால் பொருள் நகர்ந்த திசை வேறு. நம் மரபுவழிச் செய்தி கூறுவது இது: நடுத்திட்டில் மோர் விற்ற முடவன் நலம் பெற்றபின் நாகையைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கர் அங்கே ஒரு கூரைக் கொட்டகை எழுப்பினார். பதினேழாம் நூற்றாண்டில், மக்காவோவிலிருந்து கொழும்புக்குச் சென்ற போர்த்துக்கீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, செப்டம்பர் 8 அன்று இக்கரையில் ஒதுங்கினர். தங்களைக் கரை சேர்த்த அன்னைக்கு அவர்கள் அந்தக் கொட்டகையை 24 அடிக்கு 12 அடி அளவில் ஒரு சிறு கட்டடமாக்கித் தந்தார்கள். பின்னொரு முறை வந்தபோது சீனத்துப் பீங்கான் தட்டுகளைக் கொணர்ந்து பீடத்தில் பதித்தார்கள். 1962-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் பசிலிக்காவாக உயர்த்திய பெருங்கோவிலின் தொடக்கம் ஒரு கீற்றுக் கொட்டகையும் சில தட்டுகளுமே. வணிகச் சரக்காய் வந்திருக்க வேண்டிய பீங்கான் காணிக்கையாய் மாறியது. அத்தட்டுகள் போற்றிக் காக்கப்பட்டு வருவதற்குக் காரணம் அவற்றின் விலை அன்று. எவர் எதற்காகக் கொடுத்தார் என்பதை ஊர் மறக்கவில்லை என்பதே.

நம் கிராமத்துச் சைவ அயலார்க்கு இவ்வகையில் ஒரு பழமொழியே காவலாய் இருந்து வருகிறது. சிவன் சொத்து குலநாசம் என்பார்கள். கோவிலிலிருந்து விழுந்த ஒரு செங்கல்லையும் வீட்டுச் சுவரில் வைக்கத் துணியாத குடும்பங்கள் உண்டு. ஒரு குடும்பம் கெட்டு விற்ற வீட்டின் நிலையை வாங்கித் தம் வாசலில் வைக்கக் கூசுவோரும் உண்டு. இதில் அச்சம் கலந்திருக்கலாம். ஆனால் பொருளுக்கு முன்கதை உண்டு என்ற அறிவும் அதில் இருக்கிறது.

நம் பக்கத்தில் திருச்சபைச் சட்டம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1222-ஆம் எண், வழிபாட்டுக்கு இனிப் பயன்படாத, செப்பனிடவும் இயலாத ஆலயத்தை ஆயர் பிற பயன்பாட்டுக்கு விடலாம், ஆனால் இழிந்த பயன்பாட்டுக்கு விடலாகாது என்கிறது. 1171-ஆம் எண் மந்திரிக்கப்பட்ட பொருள்களை மதிப்புடன் நடத்தச் சொல்கிறது. மாட்டுக் கொட்டில் இழிந்த பயன்பாடா என்று ஒரு முதியவர் நம்மிடம் வேடிக்கையாகக் கேட்டார். ஆண்டவர் பிறந்த இடத்தை எப்படி இழிந்தது என்பீர்கள் என்றார். சட்ட வல்லுநர்கள் அவருக்கு என்ன விடை சொல்வார்களோ!

வேடிக்கை ஒருபுறம் இருக்க, நம் பங்குகளில் நடப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் காரையால் எழுந்த ஆலயங்கள் பல, மக்கள் பெருகி இடம் போதாமையால் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் இடத்தில் கான்கிரீட் ஆலயங்கள் எழுந்துள்ளன. இடித்ததன் தேக்கு விட்டமும் நிலையும் சன்னலும் ஏலம் போகின்றன. ஒரு பகுதியைப் பங்கு மக்களே எடுத்துக் கொட்டகைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் வைத்துக்கொள்கிறார்கள். எஞ்சியது பழைய சாமான் வியாபாரியின் லாரியில் ஏறிக் காரைக்குடிக்கோ புதுச்சேரிக்கோ போய், எவர் வீட்டிலோ அலங்காரமாகிறது. பங்கு மக்கள் எடுப்பதில் நமக்கு மனக்குறை இல்லை. தாத்தா ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் உத்திரத்துக்குக் கீழே பேரன் தன் கலப்பையைச் சார்த்தி வைப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஏலக் கணக்கில் எத்தனை உத்திரம், என்ன தொகை என்று எழுதப்படுகிறது. அந்தக் கோவிலை யார் கட்டினார், எந்த ஆண்டு, மரம் எங்கிருந்து வந்தது, காரைக்குள் என்ன சேர்த்திருந்தார்கள் என்று எழுதப்படுவதில்லை. நாகைக் கோபுரத்துக்கு நேர்ந்தது இதுவேயன்றோ?

இன்னொரு செய்தியும் உண்டு. அதனைக் கொத்தனார்கள் நம்மைவிட நன்கு அறிவர். சுண்ணாம்புக் காரை கல்லை விட்டுவிடும், சிமெண்டு விடாது. சிமெண்டில் கட்டிய சுவரை இடித்தால் நூற்றுக்குப் பாதிக் கல்லாவது முழுதாகத் தேறினால் பெரிது. கான்கிரீட் தூணை இடித்தாலோ கம்பி மட்டும் தேறும், மிச்சம் பள்ளம் நிரப்பத்தான் ஆகும். கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக்கலைஞர், சுண்ணாம்பை விடாப்பிடியாகப் பரிந்துரைத்தவர். இடித்த வீட்டுக் கதவையும் உடைந்த ஓட்டையும் போத்தலையும்கூடச் சுவரில் ஏற்றிக் காட்டியவர். அவரைப் பலர் மெச்சினார்கள், சிலரே பின்பற்றினார்கள். நம் பாட்டனார்கள் கட்டிய வீடு விழுந்தால் நமக்கு ஒரு கொட்டகையாவது மிஞ்சியது. நாம் கட்டும் வீடு விழுந்தால் நம் பேரன்மார்க்கு மிஞ்சப்போவது சல்லி.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. விழுந்த தென்னையின் அடித்துண்டை அறுத்துக் கால் நட்டு, காற்றில் பறந்து வந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பழைய ஆணியை நேராக்கி அடித்து, அடுத்த சில வாரங்களில் எத்தனையோ குடும்பங்கள் தமக்குத் தாமே கொட்டகை போட்டுக்கொண்டன. பறந்து வந்த தகரம் யாருடையது என்று தெருத்தெருவாய் விசாரித்து, உரியவர் இன்னார் என்று அறிந்து, அவர் வேண்டாம் என்று சொன்னபின் எடுத்தவர்கள் உண்டு. தென்னை மண்ணில் பட்டால் விரைவில் உளுத்துப் போகும். அக்கொட்டகைகளில் பல இன்று இருக்க மாட்டா. தகரம் இன்னும் ஏதோ ஒரு கொல்லையில் இருக்கும்.

இடிக்கப்போகும் ஆலயம் எதுவாயினும், கடப்பாரை எடுக்குமுன் ஒரு நாள் செலவிடலாம். அளவுநாடா ஒன்று, புகைப்படக் கருவி ஒன்று, ஊர்ப் பெரியவர் இருவர் போதும். நீள அகலம், செங்கல்லின் அளவு, உத்திரத்தில் வெட்டிய எழுத்து ஏதேனும் இருந்தால் அது, தரையில் புதைந்த கல்லறைக் கல்லின் பெயர்கள், மணியில் வார்த்த ஆண்டு ஆகியவற்றைத் திருமுழுக்கு ஏட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, யார் எதை எடுத்தார் என்ற பட்டியலையும் சேர்த்துவிடலாம். ஏலம் எடுத்தவர் வீட்டுக் கொல்லையில் அந்த உத்திரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுதினால் இன்னும் நல்லது.